பாயான் லெப்பாஸ்: இரண்டு தேமா

கேள்வி: பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். மெமரி என்றாலே 64, 256, 1024 என்றுதான் வருகிறது. ஓர் ஆயிரம் என்று முழுசாகச் செய்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: 24 குறைந்துவிடும்! இன்டெல் பினாங்குக்கு வந்தது 1972-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன் அந்நிறுவனம் வெளியிட்ட 1103 சிப்பில் 32 வரிசை, 32 நிரல், ஆக 1024 அறைகள். எந்த அறை என்று சொல்ல வரிசைக்கு 5 கம்பி, நிரலுக்கு 5 கம்பி. ஒவ்வொரு கம்பியிலும் இரண்டே நிலை: மின்சாரம் உண்டு, அல்லது இல்லை. அதனால் ஒரு கம்பி கூடும்போதெல்லாம் முகவரிகள் இரட்டிப்பாகும். ஒன்பது கம்பிக்கு 512, பத்துக்கு 1024. ஆயிரத்தோடு நிறுத்தினாலும் கம்பி பத்து வேண்டும். பிறகு 24 முகவரிக்கு வீடே இருக்காது. தபால்காரர் பாடு திண்டாட்டம்.

கேள்வி: இரண்டைப் பெருக்கிக்கொண்டே போனால் எங்காவது ஒரு லட்சம், ஒரு கோடி வராதா?

பதில்: வரவே வராது. கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்றே சுற்றிக்கொண்டிருக்கும். பூச்சியத்தில் முடிய 5-இன் துணை வேண்டும். இங்கே 5-க்கு இடமில்லை.

கேள்வி: தமிழ் இலக்கியம் படிக்கும் என் மகள், "அது சிப் கணக்கு, தமிழுக்கு அது எதற்கு?" என்கிறாள்.

பதில்: யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையைக் கையில் கொடுத்துச் சீர்களை எண்ணச் சொல்லுங்கள். அமிதசாகரர் அதை எழுதி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகிறது. சீர் என்பது அசைகளால் ஆனது. அசை இரண்டுதான்: தனிக் குறிலோ நெடிலோ நின்றால் நேர்; குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரை; கூடவரும் மெய்யெழுத்து கணக்கில் இல்லை. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. மொத்தம் 30. ஒரு சேர்க்கைகூட விடுபடவில்லை, ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. முப்பதுக்கும் பெயர் உண்டு. இலக்கணத்தைக் கசப்பு மருந்தாக நினைக்கும் பிள்ளைகளுக்கு இதை முதலில் காட்டவேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் மகள் நேருக்கு 0, நிரைக்கு 1 போடட்டும். 'பாயான்' நேர் நேர்: தேமா, 00. 'லெப்பாஸ்' அதுவும் தேமா. 'பினாங்கு' நிரை நேர்: புளிமா, 10. தைப்பூசக் காவடிகள் ஏறும் 'தண்ணீர்மலை' நேர் நேர் நிரை: தேமாங்கனி, 001. பினாங்கின் 'ஜெலுத்தோங்' என்ன சீர் என்று அவளே அலகிட்டு எழுதி அனுப்பட்டும்.