தேதிக்குச் சொந்தக்காரன் யாருல?

ஏலே பேராண்டி, விடிஞ்சும் விடியாம அந்த போன்ல என்னத்தப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்க? ‘இன்று வரலாற்றில்’ வந்திருக்கா? அது என்னைக்குல வராம இருந்துச்சு? தெனமும் உனக்கு ஒரு திருவிழா. பல்லு வெளக்குனியா?

சரி, வாசி. கேக்கேன்.

அக்டோபர் 16. 1799ல கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டான் மேஜர் பானர்மேன். 1906ல, அதே தேதியில, வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு பண்ணுனாரு. ரெண்டும் நம்ம தூத்துக்குடிச் சீமை. உடனே உனக்கு மேலெல்லாம் புல்லரிக்கி. ‘இது தற்செயலா தாத்தா?’ன்னு கண்ண உருட்டுத. பொறுல. அடுத்த வரியையும் வாசி. ஏன் கொரலு எறங்குது?

1793ல பிரான்சு ராணி மேரி அன்டோனெட்டோட தலைய வெட்டுனாவ. 1846ல அமெரிக்காவுல ஒரு பல்லு டாக்டரு ஈதர் மருந்தை மோக்க வச்சு, நோவு தெரியாம கத்தி வைக்கலாம்னு ஊரறியக் காட்டுனாரு. 1948ல ஹேமமாலினி பொறந்தாவ. 1964ல சீனாக்காரன் மொத அணுகுண்ட வெடிச்சான். 1978ல போலந்துக்காரர் ஒருத்தரு போப்பாண்டவரா வந்தாரு. கட்டபொம்மனுக்குப் புல்லரிச்ச ஒடம்பு போப்பாண்டவருக்கும் புல்லரிக்கணும்லா? ஹேமமாலினிக்குப் புல்லரிச்சா, அது வேற கணக்கு. அத உங்க ஆச்சி காதுல போடாத.

வருசத்துக்கு 365 கட்டம். நாலு வருசத்துக்கு ஒண்ணு இனாம். ஒலகத்துல நடந்த அம்புட்டையும் அதுக்குள்ளதான் அடைக்கணும். சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போற பஸ்ல ஏறிருக்கியா? தோளு தோளு இடிக்கத்தான் செய்யும். இடிச்சவன் எல்லாம் சம்பந்தியா?

கணக்கு வாத்தியாரக் கேட்டுப் பாரு. 23 பேரு ஒரு எடத்துல கூடுனா, அதுல ரெண்டு பேருக்கு ஒரே பொறந்தநாளு வாரதுக்குப் பாதிக்கு மேல வாய்ப்பு. உப்பளத்துல ஒரு லாரிக்குச் சுமை ஏத்த வந்த கூட்டத்துலயே பாத்துரலாம். அதுக்கு எவனாவது ஸ்டேட்டஸ் வைக்கானா?

சம்பந்தம் வேணும்னா தேதியப் பாக்காதல. நடுவுல கயிறு இருக்கான்னு பாரு. உன் போன்ல வராத வரி ஒண்ணு சொல்லுதேன். 1905, அதே அக்டோபர் 16. கர்சன் துரை வங்காளத்த ரெண்டா வகுந்தது நடப்புக்கு வந்தது அன்னைக்குத்தான். ஊரே கொதிச்சுது. சீமைத் துணிய வாங்காத, சீமைச் சாமான தொடாதன்னு கெளம்புன சுதேசிக் காத்து தூத்துக்குடி வரைக்கும் வீசுச்சு. அந்தக் காத்துலதான் நம்ம கப்பல் கம்பெனி பாய் விரிச்சுது. இதுல கயிறு இருக்கு. சரியா ஒரு வருசம் கழிச்சு அதே தேதியில விழுந்தது கொசுறு. 15லயோ 20லயோ விழுந்திருந்தாலும் கயிறு அறுந்திருக்காது.

கட்டபொம்மனுக்கும் வ.உ.சி.க்கும் கயிறு இல்லையான்னு மொறைக்காத. அதுவும் இருக்கு. ஆனா காலண்டர்ல இல்ல, மண்ணுல. வ.உ.சி. பொறந்த ஒட்டப்பிடாரத்துலருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு நடந்தே போயிரலாம். அந்தக் கதை காதுல விழாம அங்கன ஒரு புள்ள வளர முடியுமா?

இன்னொண்ணு கேக்கேன். கம்பெனியப் பதிஞ்ச அன்னைக்கு வ.உ.சி. கைல எத்தன கப்பல்? சொந்தமா ஒண்ணும் கெடையாது. காகிதம்தான் இருந்துச்சு. பங்கு ஒண்ணு 25 ரூவா, மொத்தம் 40,000 பங்கு, பத்து லட்சம் சேக்கணும். மொதல்ல வாடகைக் கப்பல ஓட்டிப் பாத்தாரு. பொறவு பம்பாய் வரைக்கும் அலைஞ்சு, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்து நின்னது 1907ல. வெள்ளைக்காரக் கம்பெனி கூலியக் கொறச்சான். அதுக்கும் மசியாத சனத்துக்குச் சும்மாவே ஏத்திட்டுப் போறேன், கொடையும் தாரேன்னான்னு சொல்லுவாவ. ஒவ்வொருத்தன் வாசலா நின்னு அந்த 25 ரூவாயக் கேட்ட நாளுக்கு யாருல தேதி குறிச்சு வச்சா? ரெஜிஸ்தர்ல முத்திரை விழுந்த தேதிக்குத்தான் உன் போன்ல படம் வருது. கூட ரெண்டு பூ, ஒரு தீபம்.

ஒரே தேதின்னா ஒரே நாளுன்னு வேற நெனச்சுட்டியா? சேக்ஸ்பியரு செத்தது 1616 ஏப்ரல் 23. டான் குயிக்சாட்டு கதை எழுதுன ஸ்பெயின்காரரு செர்வாண்டிசுக்கும் அதே தேதியத்தான் சொல்லுதாவ. அது அவரைப் பொதைச்ச தேதின்னு ஒரு கூட்டம் தனியா மல்லுக்கட்டுது. அது கெடக்கட்டும். யுனெஸ்கோக்காரவிய இந்தத் தேதியப் பாத்துத்தான் ஒலகப் புத்தக நாளே வச்சாவ. ஆனா அப்ப இங்கிலாந்துல பழைய காலண்டர், ஸ்பெயின்ல புதுசு. நடுவுல பத்து நாளு வித்தியாசம். ஒரே தேதி, வேற வேற நாளு! எப்படி இருக்கு கூத்து? வெள்ளைக்காரனே 1752ல தன் காலண்டரத் திருத்தும்போது, செப்டம்பர் 2ந்தேதி ராத்திரி படுத்து 14ந்தேதி முழிச்சான். நடுவுல வட்டிக்கு விட்டவன் என்ன பாடு பட்டானோ.

எம் பொறந்தநாளா? சர்டிபிகேட்டுல சூன் 1. சிரிக்காதல. எங்காலத்துல பள்ளிக்கூடத்துல சேக்கணும்னா தலைக்கு மேல கையப் போட்டு எதிர்ப்பக்கத்துக் காதத் தொடணும். தொட்டேன். ‘என்னைக்குப் பொறந்தான்?’னு வாத்தியாரு கேட்டதுக்கு எங்கம்மா, ‘உப்பு அம்பாரம் கரைஞ்ச மழைக்கு மறுவாரம்’னா. அத எந்தக் கட்டத்துல எழுதுவாரு பாவம்? சூன் 1னு போட்டாரு. எனக்குப் பின்னால வரிசையில நின்னவன் அம்புட்டு பேருக்கும் சூன் 1தான். ஒரு வகுப்பே ஒரே நாள்ல பொறந்த அதிசயம் எந்த வரலாத்துலயாவது இருக்கா? அத வாசில மொதல்ல.

ஆறுமுகநேரியில இன்னைக்கு என்ன விசேசமா? வெளிய வா. கெழக்க பாரு, கடலுக்கு மேல கறுத்துக்கிட்டு நிக்கி. ஐப்பசி பொறக்கப் போவுது. வாடைக்காத்து திரும்பிட்டுன்னு மூக்கே சொல்லுது. ஆறு மாசம் வெயில்ல வாருன உப்பு அங்கன அம்பாரமா கெடக்கு, இன்னும் மூடல. போன வருசம் அந்தத் தெக்கு அம்பாரத்துல பாதி கரைஞ்சு ஓடுச்சே, அது என்ன தேதின்னு ஞாபகம் இருக்கா உனக்கு?

எனக்கும் இல்ல. போன மடக்கி வச்சிட்டு வந்து, கீத்தோட அந்த மொனையப் பிடில.