ஒண்ணரை ஷிப்ட்டுக் கணக்கு

வாடா அப்புனு, இப்பிடித் திண்ணைல உக்காரு. சனிக்கெழம சம்பளம் வாங்கியாச்சாக்கும்? ஆறு நாளும் ஒண்ணரை ஷிப்ட்டாமா! எங்கூட்டு எருமைகூட பொழுது சாஞ்சா கட்டுத்தறிக்கு வந்துருது. நீ ராத்திரி பத்து மணிக்கு வாரே. பொழைக்கத் தெரிஞ்சவன்.

திருப்பூர் பனியன் கம்பெனிக் கணக்கே ஒரு அழகு கண்ணு. காலைல 8.30-க்குப் போனா 5.30 வரைக்கும் ஒரு ஷிப்ட்டு. சோத்து நேரம் போக 8 மணி நேரம். அதுக்கு மேல 4 மணி நேரம் ஓவர்லாக் மெஷின்ல குனிஞ்சு கெடந்தா அரை ஷிப்ட்டு. எட்டுக்கு ஒண்ணு, நாலுக்கு அரை. எந்த வாத்தியாரும் குத்தம் சொல்ல முடியாது.

1948-ல தொழிற்சாலைச் சட்டம் போட்டவங்கதான் குசும்பு பண்ணிட்டாங்க. 59-வது பிரிவுல, வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டுனா தாண்டுன நேரத்துக்கு ரெட்டைக் கூலின்னு எழுதி வெச்சாங்க. 2025 நவம்பர்ல புதுச் சட்டத் தொகுப்பு வந்துச்சே, அதுலயும் ரெட்டைக் கூலிய எடுக்கல. பீஸ் ரேட்டுக்காரனுக்குக்கூட உண்டுன்னு அந்தப் பழைய சட்டத்துலயே இருக்குது. அத உங்க காண்ட்ராக்டர்கிட்டச் சொல்லிறாத, பாவம், ரத்தக்கொதிப்புக்காரரு.

சும்மா ஒரு கணக்குப் போடுவமா? ஷிப்ட்டுக்கு 600 ரூவான்னு வெச்சுக்கோ. மணிக்கு 75. நீ பாத்தது 72 மணி நேரம், 48 போக மிச்சம் 24. உன்ற அரை ஷிப்ட்டுக் கணக்குல அதுக்கு 1,800 ரூவா. சட்டக் கணக்குல 3,600. அதாவது தினமும் நீ பாக்கறது ஒண்ணரை இல்லடா, ரெண்டு ஷிப்ட்டு! வாராவாரம் மொதலாளிக்கு 1,800 ரூவா மொய் எழுதறே. நம்ம சாதிசனத்துல எவனுக்கு இந்தக் கை வரும்?

டீ பேட்டா தர்றாங்களா? அப்பறமென்ன!

2023-ல 12 மணி நேர வேலைக்குச் சட்டசபைல மசோதா நெறவேத்துனாங்க. ஊரே சத்தம் போட்டதும் வாபஸ் வாங்கிட்டாங்க. அன்னிக்கும் நீ பன்னண்டு மணி நேரந்தான் பாத்துட்டு வந்து, 'எதுக்கு அப்பாரு சத்தம்?'னு கேட்டே.

செரி, நாஞ் சொல்றதக் கேளு. உள்ள போற நேரம், வெளிய வர்ற நேரம் ரெண்டையும் ஒரு நோட்டுல குறிச்சு வை. வெத்துச் சீட்டுல கையெழுத்துப் போடாத. நாலு பேராச் சேந்து போங்க. தனியாப் போனீன்னா திங்கக்கெழம உனக்கு மெஷின் இருக்காது. சண்டைக்கு நிக்காத. சிரிச்ச மூஞ்சியா, 'இந்த 24 மணி நேரத்த எந்தக் கணக்குல போட்டீங்க'ன்னு மட்டும் கேளுங்க. மொதலாளி உடனே கணக்குப்பிள்ளையக் கூப்புடுவாரு. கணக்குப்பிள்ளை அப்பத்தான் டீ குடிக்கப் போயிருப்பாரு. நில்லுங்க. டீ ஆறிப்போனாலும் மனுசன் திரும்பி வந்துதான ஆகோணும்?