காற்று வாங்கி நனையும் வீடு

வட கரோலினாவில் வீடு வாங்குகிறவர், நம் கேரி நகரத்துத் தமிழர் உட்பட, சமையலறையைத் தட்டிப் பார்ப்பார், குளியலறைகளை எண்ணுவார், பள்ளிக்கூடம் எப்படி என்று நாலு பேரிடம் விசாரிப்பார். தரைக்கு அடியில், வீட்டின் நீள அகலம் முழுக்க இரண்டு மூன்று அடி உயரத்தில் ஓர் இருட்டறை படுத்துக் கிடக்கும். அதை மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார். கிரால் ஸ்பேஸ் என்று பெயர். தவழ்ந்துதான் போக முடியும் என்பதால், எலி, சிள்வண்டு, பிளம்பர் என்ற மூன்று இனத்தாரைத் தவிர வேறு யாரும் அங்கே நடமாடுவதில்லை. வீட்டைத் தாங்கும் மரச்சட்டங்களும் ஏசி குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. அந்த இடம் ஈரமாக இருக்கிறதே என்று எவராவது கவலைப்பட்டால், சுவரில் காற்றுத் துவாரம் வைத்துவிட்டோமே என்று பதில் வரும். என் வழக்கு அந்தத் துவாரத்தின் மீதுதான். ஈரத்தை விரட்டுவதற்கென்று வேலைக்கு வைத்த ஆள், கோடை முழுக்க ஈரத்தை உள்ளே சுமந்து வந்து போட்டுக்கொண்டிருக்கிறான்.

துவாரம் வைப்பதானால், வழக்கமான விதிப்படி 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடித் திறப்பு வேண்டும். 1,500 சதுர அடி வீட்டுக்குப் பத்து சதுர அடி. கட்டட விதிப் புத்தகத்தில் இவ்வளவு கறாராக ஓர் எண் இருந்தால், யாரோ எங்கோ அளந்து பார்த்திருப்பார்கள் என்றுதானே நம்புவோம்? இலினாய் பல்கலைக்கழகத்து வில்லியம் ரோஸ் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். 1940களில் அரசாங்க வீட்டுக்கடன் விதிகளுக்குள் நுழைந்த கணக்கு இது. அதற்கு அடித்தளமாக உருப்படியான சோதனை எதையும் அவர் காணவில்லை. எண்ணுக்குத்தான் ஆதாரம் இல்லை, துவாரமாவது வேலை செய்கிறதா? ஜூலை மாதத்தில் வெளியே 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை 23 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஆவி தண்ணீராகிவிடும். மேலே ஏசி ஓடுகிற வீட்டின் அடியில் மண்ணும் சட்டமும் ஏறக்குறைய அதே குளிர்ச்சியில் இருக்கும்; ஏசி குழாயோ அதைவிடக் குளிர்ந்தது. ஐஸ் போட்ட மோர்த் தம்ளர் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்து யாரும் விசிறி எடுத்து வீசிக் காயவைப்பதில்லை. வீட்டுக்கு அடியில் மட்டும் அதைத்தான் செய்கிறோம். மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை பயமில்லை. 28ஐத் தாண்டினால் மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூசணத்துக்குக் கொண்டாட்டம்.

இது காகிதக் கணக்கு என்று சொல்பவர்களை வட கரோலினாவின் பிரின்ஸ்வில்லுக்கு அனுப்பலாம். 1999ல் ஃபிளாய்ட் புயலில் டார் ஆறு மூழ்கடித்த ஊர் அது. ‘அட்வான்ஸ்டு எனர்ஜி’ என்ற நிறுவனம் அங்கே ஒரே மாதிரியான பன்னிரண்டு வீடுகளை எடுத்து, சிலவற்றுக்கு விதிப்படி துவாரம் வைத்தது, மற்றவற்றை அடைத்து, மண்மேல் பாலித்தீன் விரித்துக் கொஞ்சம் உலர்ந்த காற்றையும் விட்டது. கோடையில் துவார வீடுகளின் அடியில் ஈரப்பதம் பூசணத்துக்குப் பிடித்த 80 விழுக்காட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. அடைத்தவை நன்றாகக் காய்ந்து கிடந்தன. மின்செலவும் சுமார் 15 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தது.

தாத்தா காலத்து வீடுகள் திறந்தே கிடந்தும் நூறு வருஷம் நின்றனவே என்று கேட்கலாம். நின்றன. அவை உயரமான தூண்களின் மேல் நாலு பக்கமும் திறந்து நின்றன. மேலே ஏசியும் இல்லை, அடியில் குளிர்க்குழாயும் இல்லை. தரை வெதுவெதுப்பாக இருந்ததால் வியர்க்கவில்லை. வீட்டைக் குளிர்பதனப் பெட்டியாக்கிவிட்டுத் தாத்தாவின் துவாரத்தை மட்டும் வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? துவாரம் போதும் என்று கொலராடோ, அரிசோனாக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அங்கே காற்றே வறண்டது, துவாரம் சொன்ன வேலையைச் செய்யும். வெள்ள அபாயப் பகுதியில் தண்ணீர் புகுந்து வெளியேறத் தனித் திறப்பு வேண்டும் என்பதும் நியாயமே. கறையான் பார்க்க வருகிறவர் சுவர் தெரியவில்லை என்று முறைப்பார். சுவரில் பாலித்தீனை மேலே மூன்று அங்குலம் விட்டு ஒட்டினால் போதும். அடைத்த இடத்துக்குள் எரிவாயு அடுப்பு, ஹீட்டர் எதையும் காற்றில்லாமல் மூச்சுத் திணற வைக்கக் கூடாது என்பது மட்டும் சமரசமில்லாத விஷயம்.

மிச்சமிருப்பது செலவு. அடைப்பு வேலைக்கு ஒப்பந்தக்காரர் ஆயிரக்கணக்கான டாலருக்குச் சீட்டு நீட்டுவார், ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபயர் தனி. அதனால்தான் துவாரமே போதும் என்ற பக்தி பலருக்கு. ஆனால் சீட்டில் கையெழுத்துப் போடுமுன் வீட்டைச் சுற்றி ஒரு நடை போகலாம். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,360 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. பல வீடுகளில் கூரைக் குழாய் அதை அஸ்திவாரத்தின் காலடியிலேயே கொட்டுகிறது. பாலித்தீனுக்கும் டீஹியூமிடிஃபயருக்கும் முன்னால், சில டாலர் குழாய்த்துண்டு ஒன்றை மாட்டி அதைச் சரிவான பக்கம் திருப்பிவிடுவதுதான் முதல் வேலை.