பேரன் வாய்த் தாத்தா

எங்கள் அடுக்ககத்து மூன்றாம் மாடித் தாத்தாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. அவர் பத்தியம் இருக்கிற அழகைப் பார்த்தால் மருந்துக்கடைக்காரரே கடையைச் சாத்திவிடுவார். விடிகாலையில் நாற்பது நிமிஷ நடை, கேழ்வரகுக் கஞ்சி, சர்க்கரை போடாத காபி. மருமகள் மறதியாக அரை ஸ்பூன் போட்டுவிட்டால், "ஏம்மா, என்னைச் சீக்கிரம் அனுப்பிடலாம்னு பாக்கறியா?" என்பார்.

மனுஷருடைய நாக்கு மட்டும் இடம் மாறி, ஒன்பது வயதுப் பேரன் வாய்க்குள் குடிபோய்விட்டது.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கிறவர்களைப் பாருங்கள். இந்த ஜாதித் தாத்தா நாலு பேராவது தேறுவார்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. எங்கள் பேட்டை பேக்கரி 51-வது மீட்டரில் இருக்கும் என்பது என் சந்தேகம். அந்தத் தூரத்துக்கும் பேரனை நடக்க விடமாட்டார் தாத்தா. பையை இவர் மாட்டிக்கொள்வார், பையனை ஸ்கூட்டர் சுமக்கும்.

"தாத்தா, பசிக்கல."

"பசிக்கலேன்னா என்னடா, ருசிக்காதா?"

பையன் வெங்காய பப்ஸைக் கடிக்கும்போது தாத்தாவின் தாடை கூடவே அசையும். "உள்ளே சூடா இருக்கா? காரம் பிடிச்சிருக்கா?" என்று நேர்முக வர்ணனை கேட்டுக்கொள்வார். கடைசியில் தாளில் உதிர்ந்து கிடக்கும் பொருக்குகளை ஆள்காட்டி விரலால் ஒற்றி ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார். அதெல்லாம் கணக்கில் வராதாம். கணக்குத் தணிக்கையில் ஓய்வு பெற்றவர், அவருக்குத் தெரியாததா? ஆனால் அந்தத் தணிக்கைக் கண்ணுக்கு, பேரன் கையிலிருக்கும் 250 மில்லி கோலாவில் கரைந்திருக்கும் ஆறு டீஸ்பூன் சர்க்கரை மட்டும் தட்டுப்படாது.

போன மாதம் மருமகள் பையனைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனாள். தாத்தாவும் போனார், வாதாட. எடை 44 கிலோ, உயரம் 132 சென்டிமீட்டர். டாக்டர் வளர்ச்சி அட்டையில் வைத்த புள்ளி, மேலிருந்த கடைசிக் கோட்டையும் தாண்டி வெள்ளைத் தாளில் போய் உட்கார்ந்தது.

"பிஎம்ஐ 25 சார்."

"எனக்கும் 25தானே டாக்டர்! நான் நன்னாத்தானே இருக்கேன்?"

"உங்களுக்கு 70 வயசு சார். குழந்தைக்கு அவன் வயசை வெச்சுத்தான் பார்க்கணும். தினம் 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடி ஆடணும்."

தாத்தா வாக்குத் தவறாதவர். மறுநாளே பேரனைப் பூங்காவுக்குக் கூட்டி வந்துவிட்டார். அரை ரவுண்டிலேயே, "கால் வலிக்குது தாத்தா" என்றான். பார்த்தார். பெஞ்சைத் துண்டால் தட்டி அவனை உட்காரவைத்து, கையில் செல்போனையும் மடியில் ஒரு சிப்ஸ் பொட்டலத்தையும் கொடுத்து, "நீ எண்ணிண்டு இரு, உன் பங்கையும் சேர்த்துத் தாத்தா நடந்துடறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

நான் கடந்து போகும்போது வியர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தார்.

"எத்தனைடா ஆச்சு?"

"ஆறு தாத்தா" என்றது மொறுமொறுவென்று ஒரு குரல்.