அழுகை நிஜம், வரிசை பொய்!

கேள்வி: ரியாலிட்டி ஷோ சண்டைகள் நிஜமா, எழுதிக் கொடுத்ததா?

பதில்: எழுதிக் கொடுக்க அவசியமே இல்லை. போனையும் பேப்பரையும் பிடுங்கிக்கொண்டு, ஒத்துவராத பத்துப் பதினைந்து பேரை ஒரே வீட்டில் அடைத்தால், சாம்பாரில் உப்பு குறைந்ததற்கே பஞ்சாயத்து கூடும். கற்பனையெல்லாம் எடிட்டிங் மேஜையில்தான். நாள் முழுக்க எடுத்ததை ஒரு மணி நேரமாக நறுக்கும்போது, திங்கட்கிழமை முறைப்பு புதன்கிழமைப் பேச்சுக்குப் பதிலாகிவிடும்.

கேள்வி: ஒவ்வொரு சீசனிலும் ஒரு வாயாடி, ஒரு அழுமூஞ்சி, ஒரு கிராமத்து அப்பாவி தவறாமல் வந்துவிடுகிறார்களே?

பதில்: ஆள் எடுப்பதே அந்தக் கணக்கில்தான். அப்பாவி தப்பித் தவறி புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டால், அந்தக் காட்சிதான் முதலில் எலிமினேட் ஆகும்!

கேள்வி: அப்படியானால் எவ்வளவு நிஜம் இருக்கலாம்?

பதில்: 2007இல் பிரிட்டனின் ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ வீட்டில் இந்தி நடிகை ஷில்பா ஷெட்டியை, சக போட்டியாளரான ஜேட் குடி ‘ஷில்பா பப்படம்’ என்றார். இந்தியர் என்றாலே பப்படம்தான் என்ற நினைப்பு! அந்த இனவெறிப் பேச்சு மட்டும் கலப்படமில்லாத நிஜம். 40,000க்கும் மேல் புகார்கள் குவிந்தன, பட்டம் ஷில்பாவுக்கே. மறு ஆண்டு ஷில்பா தொகுத்து வழங்கிய இந்திய ‘பிக் பாஸ்’ வீட்டுக்கே ஜேட் போட்டியாளராக வந்தார். ஆக, நிஜம் இருக்கட்டும், அவமானம் வேண்டாம். சேனல்காரர்களுக்கோ சண்டை ஒரு சீசன், சமாதானம் இன்னொரு சீசன்; நடுவில் விளம்பர இடைவேளை!