கம்பெனி நொடித்தால் ரசிகர் நெஞ்சு நோகும் முறை: தீப்பெட்டிப் படம் சேர்ப்போரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஒரு கம்பெனி கடனில் மூழ்கினால் முதலாளி என்ன செய்வார், தொழிலாளி என்ன ஆவார், வங்கிக்காரர் எந்தக் கிழமை வருவார் என்பதையெல்லாம் பொருளாதாரம் படித்தவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் சரக்கை உயிராக நேசிக்கும் ரசிகர் அன்றைக்கு என்ன செய்கிறார் என்று முறையாக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஜெர்மனியின் பவேரியா என்னும் பாய்மரப் படகுக் கம்பெனி 2018 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. படகுப் பிரியர்கள் கவலைப்பட்டிருப்பார்கள். கவலைப்பட்டவர்களில் எத்தனை பேர் புதுப் படகுக்கு முன்பணம் கட்டினார்கள் என்பதே நம் வினா.

நாம் களமாகக் கொண்ட விருதுநகர் மாவட்டத்தில் இவ்வினாவைப் படகு வைத்து ஆராய இயலாது. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது கடல் முழுவதும் மற்றவர்கள் பங்குக்குப் போய்விட்டது. வைப்பாற்றில் படகு விடுவதென்றால் முதலில் தண்ணீர் விட வேண்டும். ஆகவே நீரை விடுத்து நெருப்பை எடுத்துக்கொண்டோம். ஆய்வுப் பொருள் தீப்பெட்டி; ஆய்வுக்குட்பட்டோர் அதன் படத்தைச் சேர்ப்போர். பட்டாசுப் பெட்டிப் படம் சேர்ப்போர் தனி இனம். அவர்களை இக்கட்டுரை தொடவில்லை.

2. களம்

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923இல். அதே ஆண்டில்தான் சுவீடன் நாட்டுத் தீப்பெட்டிக்காரர்களின் விம்கோ கம்பெனியும் இந்தியாவில் பிறந்தது. ஒருபக்கம் உலகையே வளைத்த முதல்; மறுபக்கம் மழை பொய்த்த கரிசல் பூமியின் வெயிலும் பங்காளிகள் இருவரின் பிடிவாதமும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பெட்டி ஒட்டினார்கள். குச்சி அடுக்கி, மருந்து முக்கி, வெயிலில் காய வைத்தார்கள். பெட்டிக்கு மேல் ஒட்டப் படம் வேண்டியிருந்தது. படம் அடிக்க அச்சகம் வந்தது. அணில், காக்கா, கப்பல் என்று எழுத்தறியாதவரும் கேட்டு வாங்கும்படி மார்க்குகள் பிறந்தன. கப்பல், விம்கோவின் மார்க். ஆக, நம் ஆய்வில் படகே இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

தொழிலின் கஷ்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீப்பெட்டி விலை 1995இல் 25 காசிலிருந்து 50 காசானது. 2007இல் ஒரு ரூபாயானது. அப்புறம் 14 ஆண்டுகள் அசையவில்லை. தீப்பெட்டி செய்ய 14 மூலப்பொருள்கள் வேண்டும். 2021இல் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810க்கும், மெழுகு 58இலிருந்து 80க்கும் ஏறியதாக உற்பத்தியாளர்கள் சொன்னார்கள். 600 பெட்டி கொண்ட பண்டல் 270 முதல் 300 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அதாவது ஒரு ரூபாய்ப் பெட்டியில் கம்பெனிக்கு வந்தது 45 முதல் 50 காசு. ஐந்து சங்கங்கள் சிவகாசியில் கூடிப் பேசி, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் விலையை இரண்டு ரூபாயாக்கின. இதற்கிடையில் பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் வந்தது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியின் வேலையைப் பார்த்துவிடுகிறது என்று முதலமைச்சர் ஸ்டாலின் 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசுக்கு எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதி தடை செய்யப்பட்டது.

3. சேகரிப்போர் இலக்கணம்

தீப்பெட்டிக்குள் இருக்கும் அனைத்தையும் அப்புறப்படுத்திவிட்டு மேலே இருப்பதை மட்டும் வைத்துக்கொள்பவர் சேகரிப்போர் எனப்படுவார். இவருடைய தொடக்கக் கல்வி பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நிகழ்ந்தது. அங்கே தீப்பெட்டிப் படம்தான் செலாவணி; எளிதில் கிடைக்கும் படத்துக்கு மதிப்புக் குறைவு, கிடைக்காத படத்துக்குக் கூடுதல். சில்லெறிந்து தோற்றவன் படத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அழுதான். மற்றப் பையன்கள் பெரியவர்களானதும் பணத்துக்கு மாறிக்கொண்டார்கள். இவர் மாறவில்லை.

வளர்ந்த சேகரிப்போரின் கொள்முதல் விதி எளிது: ஒரு மார்க்குக்கு ஒரு பெட்டி. இரண்டாவது பெட்டி வாங்கினால் அது மாற்றிக்கொள்வதற்காக. வீட்டில் அடுப்பை லைட்டரால் பற்ற வைப்பார். பெட்டியைத் திறந்தால் முனை மடங்கிவிடும் அல்லவா?

4. நொடிப்புச் செய்தி கேட்டோர் வகைப்பாடு

ஒரு மார்க் நின்றுபோகப் போகிறது என்ற செய்தி எட்டியதும் சேகரிப்போர் ஐவகையாகப் பிரிகின்றனர்.

முதலாவது, ஒப்பாரி வகை. "அந்த மார்க் போனதோட ஒரு காலமே போச்சு, அண்ணாச்சி." கடைசியாக எப்போது அந்த மார்க் வாங்கினீர்கள் என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் என்பார்.

இரண்டாவது, முன்னறி வகை. "நான் அப்பவே சொன்னேன்ல." எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்பவை கேட்கத் தகாத வினாக்கள். லேபிளில் சிவப்பு மை வெளிறியபோதே முதலாளிக்குக் கடன் ஏறிவிட்டது என்று கண்டுகொண்டாராம். இவர் சொன்னது நடந்துவிட்டதில் துயரத்தைக் காட்டிலும் ஒரு மிடுக்கே முகத்தில் தெரியும்.

மூன்றாவது, ஆலோசக வகை. கம்பெனியைக் காப்பாற்றும் வழி இவரிடம் தயார். "பழைய படத்த எல்லாம் செட்டாப் போடச் சொல்லுங்க. வெள்ளக்காரன் பெட்டி அம்பது ரூவாய்க்கு வாங்குவான்." தமக்கு ஒரு செட்டு எடுத்து வைக்கச் சொல்வார், அது யோசனைக்கான கூலி என்பதால் விலை பேசப்படுவதில்லை.

நான்காவது, வழக்காடு வகை. துக்கம் விசாரிக்க வந்த இடத்தில், அணிலின் வால் மேல்நோக்கி வளைந்த படம் முந்தியதா, கீழ்நோக்கி வளைந்த படம் முந்தியதா என்று ஆரம்பிப்பார். சண்டை முற்றும். கம்பெனி மூடியது எல்லாருக்கும் மறந்துவிடும். துயர் ஆற்றுவதில் இவ்வகையினரே மிகப் பயனுள்ளவர்கள் என்பது நம் கணிப்பு.

ஐந்தாவது, மௌன வகை. இவர் எதுவும் பேசுவதில்லை. மற்ற நால்வரும் பேசிக்கொண்டிருக்கையில் இவர் சாத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்; அச்சகத்தில் மிச்சம் கிடக்கும் லேபிள் தாள்களை எடைக்குக் கேட்டுக்கொண்டிருப்பார். கம்பெனி ஓடுகிறவரை அதன் படம் குப்பை. மூடிய மறுநாள் புதையல். முதலாளி பெட்டிக்கு 50 காசு பார்க்காத இடத்தில் இவர் ஒரு தாளுக்கு நூறு ரூபாய் பார்ப்பார். நொடிப்பினால் வளரும் ஒரே பொருளாதாரம் இதுவே.

5. முன்னோடிச் சான்றுகள்

இம்மனநிலை தீப்பெட்டிக்கு மட்டும் உரியதன்று. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார்: மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் 1907இல் வந்தபோது ஊரே மகிழ்ந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. எதிராளி இலவசப் பயணத்தோடு குடையும் தந்தான் என்று இன்றும் சொல்வார்கள். கப்பலுக்குக் கைதட்ட ஆயிரம் பேர் கிடைத்தாலும் அதன் கொதிகலனை எரிப்பது டிக்கெட் காசு. 1908இல் வ.உ.சி. சிறைபுகுந்தார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து அவர் வெளிவந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. இன்று அந்தக் கம்பெனியின் பங்குப் பத்திரம் ஒன்று கிடைத்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட ஆள் உண்டு. அன்றைக்கு 25 ரூபாய் கொடுக்கத்தான் ஆள் போதவில்லை.

இன்னொரு சான்று இவார் குருகர். விம்கோவின் பின்னால் நின்ற சுவீடன்காரர்; அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்துப் பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோகம் வாங்கிய ‘தீப்பெட்டி அரசர்’. கணக்குகள் பொய்யென்று தெரிய வருமுன் 1932இல் பாரிசில் இறந்துகிடந்தார். அவர் வெளியிட்ட பத்திரங்கள் செல்லாக்காசாயின. பிற்பாடு அவற்றையும் சேகரிப்போர் விலை கொடுத்து வாங்கினார்கள். விம்கோ 2005இல் ஐ.டி.சி. வசமானது; திருவொற்றியூரில் அதன் பெயர் ரயில் நிலையமாகவும் மெட்ரோ நிலையமாகவும் நிற்கிறது. அங்கே இறங்குவோர் பையில் தீப்பெட்டி இருப்பதில்லை.

6. ஒரு போலிக் கோட்பாட்டை மறுத்தல்

வ.உ.சி. கைதானது மார்ச் 12. குருகர் இறந்ததும் மார்ச் 12. கப்பலுக்கும் தீப்பெட்டிக்கும் ஆகாத நாள் இதுவென்று முன்னறி வகையினர் வாதிடக்கூடும். ஆனால் 1930இல் காந்தி உப்புக்காக நடக்கத் தொடங்கியதும் மார்ச் 12தான். உப்பு இன்றும் நன்றாகவே விற்கிறது. எனவே இக்கோட்பாடு தள்ளுபடி.

7. கண்டறிந்தவை

அப்படியானால் தீப்பெட்டித் தொழிலை இத்தனை காலம் தாங்கியவர் யார்? பெட்டிக்கடை வாசலில் நின்று, "ஒரு தீப்பெட்டி குடு அண்ணாச்சி" என்கிறவர். எந்த மார்க் என்று அவர் சொல்வதில்லை, அண்ணாச்சியும் கேட்பதில்லை. இரண்டு ரூபாயான அன்று, "இதுக்குமா வெல ஏத்துவாங்க?" என்று ஒருமுறை அலுத்துக்கொண்டு, அதையும் வாங்கிப் போனார். விளக்கேற்றினார், அடுப்பு மூட்டினார், காலிப் பெட்டியைக் குப்பையில் போட்டார். அவர் வாங்கிக்கொண்டிருந்த மார்க் நின்றுபோனது அவருக்குத் தெரியாது. மறுநாள் வேறு படம் ஒட்டிய பெட்டி கைக்கு வந்தது, அதுவும் எரிந்தது.

இதிலிருந்து பெறப்படும் விதி: ஒரு கம்பெனிக்காகச் சிந்தும் கண்ணீரும் அதன் சரக்குக்காகக் கொடுக்கும் காசும் ஒரே ஆளிடமிருந்து வருவதில்லை. வாங்குகிறவர் வருந்துவதில்லை; வருந்துகிறவர் வாங்குவதில்லை. கம்பெனி இரண்டாமவரின் பாராட்டைச் சுவரில் மாட்டலாம். சனிக்கிழமைச் சம்பளத்தை முதலாமவரின் சில்லறையில்தான் கொடுக்க முடியும்.

நடுநிலை கருதி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனிக் கணக்குப்பிள்ளை லேபிளைப் பத்திரப்படுத்துவதில்லை. முதலாளியின் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் முதல் மார்க் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால் சேகரிப்போர் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். அவர் ஆல்பத்தைத் திறந்து காட்டுவார், காப்பியும் கொடுப்பார். படத்தைத் தரமாட்டார்.

8. பரிந்துரை

துயரத்தைக் கொள்முதலாக மாற்ற எளிய வழி உண்டு: ஒப்பாரிக்கு ஒரு பண்டல். வருந்தும் ஒவ்வொருவரும் 600 பெட்டி வாங்குவதென்று சங்கம் விதிக்கலாம். பெட்டிக்கு 50 குச்சி என்று வைத்தால் 30,000 குச்சி. நாளுக்கு ஐந்து கிழித்தால் 6,000 நாள், பதினாறு ஆண்டுக்கு மேல் வரும். 2007இல் ஒருவர் ஒரு ரூபாய் விலையில் ஒரு பண்டல் வாங்கியிருந்தால் 2021இல் விலை ஏறியது அவருக்குத் தெரிந்தே இராது. இவ்வழி கம்பெனியைக் காக்குமா, பதினாறு ஆண்டுக்கு ஒரு வாடிக்கையாளரை இழக்கச் செய்யுமா என்பது மேலாய்வுக்குரியது.

பரிந்துரையை ஐவகையினர் முன்னும் வைத்தோம். நால்வர் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றினர். மௌன வகையினர் மட்டும் வாய் திறந்தார்:

"ஏன் சார், பண்டல்ல அறுநூறு பெட்டியிலயும் ஒரே படந்தான இருக்கும்?"