வேலையை விட்டவருக்கு விசா இல்லை

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெரு விடுதிகளில் மார்கழி, தை மாதங்களில் வந்து தங்கும் வெள்ளைக்காரர்களில் ஒரு பகுதியினர் சுற்றுலாப் பயணிகள் என்ற சொல்லுக்குள் அடங்காதவர்கள். தங்கள் ஊரில் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ உலகம் சுற்றுவது என்று கிளம்பியவர்கள். முதுகில் மூட்டை, காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் எந்தத் தவணையும் பாக்கியில்லாத தெளிவு. வாரம் முழுக்க சிறுசேரியிலோ மகேந்திரா சிட்டியிலோ கணினியைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவதுபோல் போட்டோ எடுத்துக்கொள்ளும் நம்மவர், அவர்களைப் பார்த்து ‘நமக்கு இந்தத் துணிச்சல் வரவில்லையே’ என்று பெருமூச்சு விடுகிறார். அந்தப் பெருமூச்சு அநாவசியம் என்பது என் கட்சி. நம்மவரிடம் துணிச்சலுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூட நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடக்கிறவரைக் கோழை என்று யார் சொல்வது? அவரிடம் இல்லாதது சில காகிதங்கள்தான்.

ஜெர்மனிக்காரர் ஒருவர் மாமல்லபுரம் வர நினைத்தால் இணையத்தில் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கிறார். முகப்படம், பாஸ்போர்ட்டின் பக்கம், கட்டணம், அவ்வளவுதான். சம்பளச் சீட்டு எங்கே என்று நம் அரசாங்கம் கேட்பதில்லை. செங்கல்பட்டுக்காரர் ஜெர்மனி போக நினைத்தால் கதை வேறு. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, அதாவது ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கட்ட வேண்டும். கூடவே வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ரிட்டர்ன், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, திரும்பி வரும் டிக்கெட், எல்லாவற்றுக்கும் மேலாக சம்பளச் சீட்டுகளும் கம்பெனி தரும் லீவு லெட்டரும். இத்தனை காகிதமும் ஒரே கேள்விக்குப் பதில்: நீ ஊர் திரும்புவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? ஆக, வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்ற விரும்புகிறவர், தான் வேலையை விடவில்லை என்று முதலில் நிரூபித்தாக வேண்டும். அமெரிக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 214(பி) பிரிவின்படி, விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிட வருகிறார் என்றுதான் அதிகாரி கருத வேண்டும். அப்படியில்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. ஊரப்பாக்கத்தில் இருபது வருடத் தவணையில் வாங்கிய இரண்டு படுக்கையறை வீட்டைத் தன் காலில் கிடக்கும் விலங்கு என்று நம்மவர் புலம்புகிறார். தூதரகத்தின் கண்ணுக்கு அவரிடம் உருப்படியாக இருப்பதே அது ஒன்றுதான். இத்தனைக்கும் பிறகு ஷெங்கன் விசா கிடைத்தாலும் 180 நாளில் 90 நாள்தான் அங்கே இருக்கலாம். யூரோ விற்கும் விலைக்கு அதுவே அதிகம் என்று சிலர் ஆறுதல் அடையக்கூடும்.

‘நாடோடியாகக் கிளம்புவது நம் மரபிலேயே உண்டே’ என்பார்கள். உண்டு, நம் கல்யாணங்களில் சிலவற்றில் அதற்கென்று ஒரு சடங்கே இருக்கிறது. மாப்பிள்ளை குடை, கைத்தடி, விசிறி சகிதம் காசி யாத்திரைக்குக் கிளம்புவார். தெருமுனையிலேயே பெண்ணின் தகப்பனார் மடக்கித் திருப்பி அழைத்து வந்துவிடுவார். வீட்டை விட்டுப் போகும் முயற்சி முறியடிக்கப்படுவதை நாதஸ்வரத்தோடு கொண்டாடுகிற சமூகம் நாம். மாமனாராவது பெண்ணைக் கொடுத்துத் தடுத்தார். தூதரகம் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு தடுக்கிறது. சீனாவிலிருந்து யுவான் சுவாங் கிளம்பவில்லையா என்றால், கிளம்பினார். தாங் அரசின் தடையை மீறித் திருட்டுத்தனமாகவே எல்லையைத் தாண்டினார். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் தலைநகரான காஞ்சி வரைக்கும் வந்து, 645இல்தான் ஊர் திரும்பினார். ஆனால் அவர் துறவி. விடுவதற்கு அவருக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. வழியில் துர்பான் அரசர் பணமும் கையில் கொடுத்து, அடுத்தடுத்த அரசர்களுக்கு அறிமுகக் கடிதங்களும் எழுதித் தந்தார். அப்போதும் காரியம் காகிதத்தில்தான் நடந்திருக்கிறது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஏ.கே. செட்டியார். கோட்டையூரில் பிறந்து, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937இல் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. அதற்காக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து 50,000 அடி ஃபிலிம் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டார். உலகம் சுற்றிய தமிழர் என்றால் அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் வேலையை விட்டுவிட்டுச் சுற்றவில்லை, சுற்றியதே வேலைக்காக. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் கல்லறைகளில் கிடக்கும் டச்சுக்காரர்களும் கம்பெனிச் சம்பளத்தில் கடல் கடந்தவர்களே. துபாயிலும் சிங்கப்பூரிலும் பத்து வருடம் இருந்துவிட்டு வந்த ஆள் இல்லாத தெரு நம் பக்கத்தில் அபூர்வம். அவர்களில் ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை, வேலைக்குப் போனார்கள். ஏழைத் தேசத்தின் பாஸ்போர்ட்டில் நீண்ட பயணம் போக இன்றுவரை கண்டுபிடிக்கப்பட்டிருக்கும் உருப்படியான உபாயம் அது ஒன்றே.

யூடியூபில் ‘லட்ச ரூபாய் சம்பளத்தை உதறிவிட்டு உலகம் சுற்றுகிறேன்’ என்று சொல்லும் நம் பிள்ளைகள் என்ன கணக்கு என்று கேட்கலாம். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் பல்லவச் சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான்; அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. வேலையை விட்டதாகச் சொல்வதும் ஒரு வேலைதான். விளம்பர வருமானமும் வருகிறது, ஓய்வு நாளும் கிடையாது, முதலாளி யாரென்றும் தெரியாது.

மலேசியா 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமலே 30 நாள் இருக்க விடுகிறது. நல்ல விஷயம், அவசியம் போய்வர வேண்டும். ஆனால் முப்பது நாளுக்கு ராஜினாமா எதற்கு? மிச்சமிருக்கும் லீவும் ஒரு மருத்துவச் சான்றிதழும் போதுமே. நாடு நாடாகத் தாவி வருடம் முழுக்க ஓட்டலாம் என்பவர்கள், ஒவ்வொரு விமான நிலையத்திலும் ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு கிளம்புவது நல்லது.

அதற்கும் துணிந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்க அவசரப்பட வேண்டாம். விசா மறுக்கப்பட்டால் மேஜையாவது மிஞ்சும். கட்டிய 90 யூரோ திரும்பி வராது.